கல்யாணம் ஆகி 9 வருசம், ஆனா 'இருந்த நாள்' கணக்கு இடிக்குது: மலேசியா மனைவிக்கு இந்தியக் குடியுரிமை

கோச்சடை மாப்ள · 9 நவம்பர் 2025, இரவு 9.42

வணக்கம் மக்களே. நேத்து எஸ்.ஐ.ஆர் (வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம்) படிவம் குடுக்க பி.எல்.ஓ (வாக்குச்சாவடி அலுவலர்) அம்மா வீட்டுக்கு வந்தாங்க. எனக்கு ஒண்ணு, எங்கம்மாவுக்கு ஒண்ணு, போன வருசம் தவறிப்போன எங்கப்பாவுக்குக் கூட ஒண்ணு. என் வீட்டம்மாவுக்கு மட்டும் இல்ல. இவ காபி டம்ளரோட வாசல்ல நின்னுக்கிட்டு "எனக்கு இல்லையாக்கா"ன்னு கேட்டா, அந்தம்மா லிஸ்ட்ட புரட்டிப் பாத்துட்டு "பேரே இல்லையேம்மா"ன்னுட்டாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, இவ மலேசியா பாஸ்போர்ட். ஆனா அதுல இருந்து மூஞ்சியே சரியில்ல, செத்தவருக்குப் படிவம் வருது உசுரோட இருக்கறவளுக்கு இல்லையான்னு ராத்திரி பூரா ஒரே பேச்சு.

விசயம் இதான். இவ ஈப்போ. 2016 செப்டம்பர்ல மதுரையில கல்யாணம், ரெஜிஸ்டரும் பண்ணியாச்சு. வேலையில பாண்டு இருந்ததால திரும்பிப் போய் முடிச்சுட்டு 2017 ஜூன்ல வந்துட்டா. பாப்பா பொறந்தது ஈப்போவுல, ஒரு வருசத்துக்குள்ள கேஎல் ஹைகமிஷன்ல பதிஞ்சு இந்தியன் பாஸ்போர்ட் வாங்கியாச்சு, அதுல பிரச்சனை இல்ல. 9 வருசம் ஆச்சேன்னு டிசம்பர் 1 குடியுரிமைக்கு விண்ணப்பம் போடலாம்னு இருக்கோம். ஊடால நாலஞ்சு தடவை ஊருக்குப் போய்ட்டு வந்திருக்கா, கொரோனாவுல வேற அங்க மாட்டிக்கிட்டா. இது கணக்க பாதிக்குமா? யாராச்சும் போட்டு வாங்கினவங்க இருந்தா சொல்லுங்கய்யா.

செல்லூர் பங்காளி · 9 நவம்பர், இரவு 10.05

மாப்ள ஒண்ணும் பாக்காத, கல்யாணம் ஆகி 7 வருசம் ஆனா போதும். உனக்குத்தான் 9 ஆச்சே. தைரியமாப் போடு. எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு, 25 ரூவா குடுத்தா எல்லாம் அவரே பாத்துக்குவாரு (25ன்னா 25 ஆயிரம் 😂)

கருப்பட்டிக் காபி · 9 நவம்பர், இரவு 11.18

தம்பி, அந்த 25 ஆயிரத்தப் பத்திரமா வச்சுக்கங்க. நான் வருவாய்த்துறையில இருந்து ரிட்டயர்டு ஆனவன், வேற ஒரு மாவட்டத்துல கலெக்டர் ஆபீஸ்ல இந்த சீட்டுல மூணு வருசம் உக்காந்திருக்கேன். கல்யாணமாகி 7 வருசம்ங்கறதுதான் ஊர் பூரா சொல்ற தப்பு. சட்டம் கல்யாண வயச எண்ணல, இந்தியாவுல இருந்த நாள எண்ணுது.

1955 குடியுரிமைச் சட்டம் பிரிவு 5(1)(சி), இந்தியரைக் கட்டினவங்களுக்கானது. முன்னாடி 5 வருசமா இருந்துச்சு, 2003ல திருத்தம் போட்டு 2004 டிசம்பர் 3ல இருந்து 7 ஆக்கிட்டாங்க. அந்த 7ஐயும் ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்காங்க, இங்கதான் எல்லாரும் விழறது. விண்ணப்பம் போடற தேதிக்கு முந்தின 12 மாசம் முழுசா இங்க இருந்திருக்கணும். அந்த 12 மாசத்துக்கும் முந்தின 8 வருசத்துல மொத்தமாக் கூட்டினா 6 வருசத்துக்குக் குறையாம இருந்திருக்கணும். அதாவது 8ல 2 வருசம் வரைக்கும் வெளிய போய்ட்டு வந்திருந்தா பரவாயில்ல, கடைசி ஒரு வருசத்துல அந்தச் சலுகை கிடையாது. 2015 திருத்தத்துல மட்டும் ஒரு சின்ன சந்து விட்டாங்க, சிறப்புச் சூழ்நிலைன்னு மத்திய அரசு ஒத்துக்கிட்டு அத எழுத்துல பதிஞ்சா அந்த 12 மாசத்துல 30 நாள் வரைக்கும் தளர்த்தலாம், துண்டு துண்டா இருந்தாலும் சரி.

பாஸ்போர்ட்ட எடுத்து வச்சு சீல் தேதிய மட்டும் பாத்து எழுதுங்க. ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க. மனுசன் ஞாபகம் கல்யாணம் காதுகுத்து தேதிய வச்சிருக்கும், ஏர்போர்ட்ல இறங்கின தேதிய வச்சிருக்காது.

ஸ்கார்பரோ வாடிப்பட்டியான் · 10 நவம்பர், காலை 6.50

ஐயா சொல்றது நூத்துக்கு நூறு. இங்க கனடாவுல 5 வருசத்துல 1095 நாள் உடம்பால இங்க இருந்திருக்கணும், பிஆருக்கு (நிரந்தரக் குடியிருப்பு) முன்னாடி ஸ்டூடண்டாவோ ஒர்க் பர்மிட்லயோ இருந்த நாளுக்கு அரை நாள் கணக்கு, அதுவும் 365க்கு மேல தரமாட்டாய்ங்க. நான் அம்மா ஆபரேசனுக்கு அஞ்சு மாசம் வாடிப்பட்டியில இருந்தத மூணரை மாசம்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், கால்குலேட்டர்ல போட்டா 40 நாள் குறையுது. அப்பறம் ஒண்ணரை மாசம் சும்மா உக்காந்திருந்துதான் போட்டேன்.

கோச்சடை மாப்ள · 10 நவம்பர், இரவு 8.30

ஐயா ரொம்ப நன்றி. சாயங்காலம் நகைக்கடை காலண்டர் தாள் பின்னாடி எழுதி உக்காந்து எண்ணினோம், நானும் அவளும், நடுவுல பாப்பா வந்து கிறுக்கி வச்சதால ரெண்டு தடவை எண்ண வேண்டியதாப் போச்சு. டிசம்பர் 1 போட்டா 8 வருசம்ங்கறது 2016 டிசம்பர் 1ல இருந்து 2024 நவம்பர் 30 வரைக்கும், சரிதானே? இந்தியாவுல இல்லாத முழு நாள மட்டும் எண்ணியிருக்கேன்.

2017 ஜூன் 14 அன்னைக்குத்தான் திருச்சியில இறங்கினா, அதுக்கு முன்னாடி 195 நாள் போச்சு. பிரசவத்துக்கு 2018 செப்டம்பர் 3 கெளம்பி 2019 மார்ச் 20 வந்தா, 197. மச்சான் கல்யாணத்துக்கு 2020 பிப்ரவரி 26 போனா பாருங்க, மார்ச்ல அங்க எம்.சி.ஓ (ஊரடங்கு) போட்டு இங்க ஃபிளைட்டும் நின்னு, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்ங்கறதால வந்தே பாரத் மீட்பு ஃபிளைட்லயும் ஏற முடியாம, அக்டோபர் கடைசியில விசாவெல்லாம் திரும்பத் திறந்தப்பறம் நவம்பர் 8 வந்து சேந்தா. 255 நாள். மாமனாருக்கு முடியாம 2023 மே 2 போய் காரியமெல்லாம் முடிச்சு ஜூன் 25 வந்தா, 53.

கூட்டினா சரியா 700. ரெண்டு வருசம்னா 730. தப்பிச்சோம்ல?

ஆனா இந்த வருசம் மாமியாருக்கு கண் ஆபரேசன், பிப்ரவரி 10 போய் மார்ச் 21 வந்தா. அது 38 நாள்.

கருப்பட்டிக் காபி · 10 நவம்பர், இரவு 10.12

தப்பிக்கல தம்பி. 700 ஓகே, போற நாள் வர்ற நாளையும் நமக்கு எதிராவே எண்ணினாக்கூட 707 தான் வரும், உள்ளதான் இருக்கு. இடிக்கறது அந்த 38. தளர்த்தற அதிகாரமே 30 நாளோட முடிஞ்சுபோச்சு, 38க்கு கெஞ்சினாலும் ஃபைல்ல எழுத எடமில்ல. டிசம்பர் 1 போட்டா நிக்காது.

இப்ப ஒரு வேலை பண்ணுங்க. அவசரப்படாம 2026 மார்ச் 22க்கு மேல போடறதா வச்சு அதே காலண்டர் தாள்ல திரும்ப எண்ணிப் பாருங்க. என்ன வருதுன்னு சொல்லுங்க.

கோச்சடை மாப்ள · 10 நவம்பர், இரவு 11.40

ஐயா!! 8 வருசம் 2017 மார்ச் 22ல இருந்து ஆரம்பிக்குது. அப்ப அந்த 195 வெறும் 84 ஆயிருது. இந்த வருச 38 உள்ள வந்தாக்கூட மொத்தம் 627 தான். குறையும்னு நான் நெனைக்கவே இல்ல, லேட்டாப் போட்டா கூடும்னுல நெனச்சேன்.

கருப்பட்டிக் காபி · 11 நவம்பர், காலை 7.05

அதேதான். அந்த 8 வருசம் ஒரே எடத்துல நிக்காது, நீங்க தேதியத் தள்ளத் தள்ள கூடவே நகரும். பழைய வராத நாளெல்லாம் பின்னாடி உதிர்ந்துக்கிட்டே போகும். நாலு மாசம் பொறுத்தா ரெண்டு கண்டிசனும் ஒண்ணா நிறையுது. சீட்டுல இருந்தப்ப பாதிப் பேரு இத எண்ணாம ஓடி வந்து போட்டு, ஒரு வருசம் கழிச்சு நிராகரிப்புக் கடுதாசி வாங்கி அழுதுக்கிட்டு நின்னத பாத்திருக்கேன்.

கொரோனா 255 நாளுக்கு விலக்கு உண்டானு கேப்பீங்க. சட்டத்துல அதுக்குன்னு ஒரு வரியும் இல்ல. அந்த 2 வருசத்துக்குள்ள அத அடக்கிக்க வேண்டியதுதான், உங்களுக்கு அடங்கிருச்சு.

செல்லூர் பங்காளி · 11 நவம்பர், காலை 9.20

சரி ஐயா நான் வாயத் தொறக்கல இனிமே 🙏 25 ஆயிரத்துக்கு மாப்ள எனக்கு ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்தாப் போதும்

ஆனையூர் முகாம் · 11 நவம்பர், மதியம் 2.15

இழை பூரா படிச்சேன். 38 நாளு, 627 நாளுன்னு நீங்க எண்ணிக்கிட்டு இருக்கீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு. நான் 1990ல நாலு வயசுல இலங்கையில இருந்து படகுல வந்து ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல எறங்கினவன். 35 வருசத்துல ஒரு நாள் கூட இந்தியாவ விட்டு வெளிய போனதில்ல, போகவும் முடியாது. தலையெண்ண வர்ற அன்னைக்கு முகாம்ல இல்லாட்டி உதவித்தொகை நின்னுரும், அப்படி இருக்கறப்ப 'தொடர்ந்து வசிச்சதுக்கு ஆதாரம்' எங்கள விட யாருகிட்ட இருக்கு? கட்டு கட்டா அரசாங்கமே வச்சிருக்கு.

இயல்புரிமைக்கு, அதாவது பல வருசம் இங்க வசிச்சு வாங்கற குடியுரிமைக்கு, 12 வருசம் இருந்தாப் போதும்னு சட்டம், கடைசி 12 மாசம் தொடர்ச்சியா, அதுக்கு முந்தின 14 வருசத்துல 11 வருசம். நாங்க அத கிட்டத்தட்ட மூணு தடவை கடந்தாச்சு. ஆனா அதே 2003 திருத்தத்துல செல்லுபடியாகற பயணப் பத்திரம் இல்லாம வந்தவங்க எல்லாம் சட்டவிரோதக் குடியேறின்னு வச்சுட்டாய்ங்க, அவங்களுக்கு பதிவும் கிடையாது இயல்புரிமையும் கிடையாது. குண்டு விழுறப்ப பாஸ்போர்ட் ஆபீஸ்ல வரிசையில நிக்க முடியுமா? 2019 சிஏஏல (குடியுரிமைத் திருத்தச் சட்டம்) மூணு நாட்டுச் சிறுபான்மை மதத்துக்காரங்களுக்கு அந்த 11ஐ 5 ஆக்கினாங்க, அதுல இலங்கை இல்ல. 2021ல அகதிகள் முகாம்ங்கற பேர மறுவாழ்வு முகாம்னு மாத்தினாங்க, பேரு நல்லாத்தான் இருக்கு.

என் பெரிய மகன் பொறந்தது மதுரை ஜி.எச்.லதான், 2012. இங்க பொறந்தா இந்தியன்ங்கறது 1987 ஜூலை 1க்கு முன்னாடி பொறந்தவங்களோட போச்சு. அவனுக்கு ஊர்னா ஆனையூர்தான், சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல எறங்கறத கொரோனா வருசம் தவிர ஒரு வருசம் விடாமப் பாத்தவன். ஃபாரத்துல நாடுன்னு கேட்டா இலங்கைன்னு எழுதறான்.

தல்லாகுளம் அக்கா · 11 நவம்பர், மாலை 4.40

தம்பி, படிச்சுட்டு ஒரு அஞ்சு நிமிசம் சும்மா இருந்தேன். எங்க கோரிப்பாளையம் சென்டருக்கு உங்க முகாம் புள்ளைங்க ஸ்காலர்ஷிப் ஃபாரம் போட வருவாங்க, அந்த நாடுங்கற கட்டத்துல வந்ததும் எல்லாருமே என் மூஞ்சியத்தான் பாப்பாங்க.

கருப்பட்டிக் காபி · 11 நவம்பர், இரவு 9.30

ஆனையூர் தம்பி, நீங்க சொல்றதுல மறுக்க ஒண்ணும் இல்ல. ஒண்ணு மட்டும் சேக்கறேன், தெரியாதவங்களுக்காக. நம்ம ஹைகோர்ட் மதுரைக் கிளையிலயே 2019 ஜூன்ல நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 65 பேர் வழக்குல தீர்ப்பு சொன்னாரு. அவங்க மலையகத் தமிழர், அந்தக் காலத்துல இங்க இருந்து இலங்கைத் தோட்ட வேலைக்குப் போனவங்க வழி. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துல 5,25,000 பேர இந்தியா ஏத்துக்கறதா கையெழுத்துப் போட்ட வம்சம், 83 கலவரத்துக்கப்பறம் ஓடி வந்தவங்க. இவங்கள மத்த சட்டவிரோதக் குடியேறிங்களோட ஒரே தட்டுல வைக்க முடியாது, மனுவ வாங்கி பரிசீலிங்கன்னு உத்தரவு. உங்க குடும்பத்துல யாராவது மலையகமா இருந்து தாத்தா காலத்து தோட்ட வேலைத் துண்டுச் சீட்டு, பாஸ்போர்ட் விண்ணப்ப நகல் ஏதாச்சும் இருந்தா அதக் கண்ணுல வச்சுப் பாதுகாத்துக்கங்க. இந்த வருசம் செப்டம்பர்ல 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிஞ்ச இலங்கைத் தமிழர் மேல வெளிநாட்டவர் சட்டத் தண்டனைப் பிரிவு பாயாதுன்னு உத்தரவு போட்டாங்க. அது குடியுரிமை இல்ல, கேஸ் போடமாட்டோம்ங்கறது மட்டும்தான், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

ஆனையூர் முகாம் · 11 நவம்பர், இரவு 10.02

நாங்க மன்னார் ஐயா, மலையகம் இல்ல. பரவால்ல. கோச்சடை அண்ணே, உங்க இழையில வந்து புலம்பிட்டேன், அண்ணிக்கு சீக்கிரம் கெடைக்கட்டும்.

கோச்சடை மாப்ள · 12 நவம்பர், இரவு 8.15

தம்பி நீ புலம்பினதுல தப்பே இல்ல. என்ன சொல்றதுன்னு தெரியல.

ஐயா, புதுசா ஒரு சிக்கல். இவளோட பழைய பாஸ்போர்ட் இல்ல. மலேசியா பாஸ்போர்ட் அப்ப 5 வருசம்தான், 2021ல புதுசு எடுத்தா. பழசு ஈப்போ வீட்டுல பீரோவுல இருக்குன்னு நெனச்சோம், இன்னைக்கு வீடியோ கால்ல மாமியார் பீரோவையே கவுத்துட்டாங்க, பழைய தீபாவளி கார்டெல்லாம் வருது, பாஸ்போர்ட் வரல. முந்தாநேத்து எண்ணினது எப்படின்னா 2017ல இருந்து 2020 வரைக்கும் டிக்கெட் மெயில்ல இருந்து எடுத்த தேதிதான். சீலே இல்லாம அந்த 3 வருசத்த எப்படிக் காட்டறது?

கருப்பட்டிக் காபி · 12 நவம்பர், இரவு 9.50

நான் ஞாபகத்துல எழுதாதீங்கன்னு சொன்னப்பவே சொல்லியிருக்கலாம்ல தம்பி. சரி விடுங்க. எஃப்.ஆர்.ஆர்.ஓ (வெளிநாட்டவர் பதிவு ஆபீஸ்) பதிவு பண்ணினது, விசா நீட்டிச்ச ரெசிடென்ஷியல் பர்மிட் எல்லாம் மெயில்ல இருக்கும், தேடுங்க. டிக்கெட் வெறும் துணை ஆதாரம்தான், டிக்கெட் எடுத்தவன்லாம் ஃபிளைட் ஏறினதா அர்த்தம் இல்ல.

தல்லாகுளம் அக்கா · 12 நவம்பர், இரவு 10.25

இருங்க இருங்க. நாலு நாளா எல்லாரும் எண்ணிக்கிட்டே இருக்கீங்க, ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல. மாப்ள தம்பி, 2021க்கு அப்பறம் அவங்க எந்த விசாவுல இருக்காங்க? ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை) எடுத்தாச்சா?

கோச்சடை மாப்ள · 12 நவம்பர், இரவு 10.31

ஆமாக்கா, வருசா வருசம் விசா நீட்டிக்க முடியாம ஓசிஐ எடுத்துட்டோம். கார்டுல 2021 ஆகஸ்ட் 17ன்னு இருக்கு. ஏன்க்கா?

தல்லாகுளம் அக்கா · 12 நவம்பர், இரவு 10.58

அப்ப எதுக்குய்யா 8 வருசத்தப் போட்டு உழப்பறீங்க! பிரிவு 5(1)(ஜி)ன்னு ஒண்ணு தனியா இருக்கு. ஓசிஐ கார்டுதாரராப் பதிஞ்சு 5 வருசம் ஆகியிருக்கணும், விண்ணப்பத்துக்கு முந்தின 12 மாசம் இந்தியாவுல இருந்திருக்கணும். அம்புட்டுதான். அந்த 5 வருசம் கார்டோட வயசு, எங்க இருந்தாங்கன்னு இல்ல. 8ல 6ங்கற கதையே இதுல கிடையாது. பழைய பாஸ்போர்ட் எந்த பீரோவுல இருந்தா உங்களுக்கென்ன, இப்ப கையில இருக்கற பாஸ்போர்ட்டும் கார்டும் போதும். (சி)க்கு ஃபாரம் 3, இதுக்கு ஃபாரம் 7, ரெண்டும் உள்துறையோட அதே போர்ட்டல்லதான் போட்டு பிரிண்ட் எடுத்து கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கணும். 2026 ஆகஸ்ட் 17 தாண்டினதும் போடலாம். மார்ச்சுக்கு அஞ்சு மாசம் தள்ளிப்போகும், அம்புட்டுதான் நட்டம்.

ஓட்டுப் போடத்தான் அவசரம்னா, அடுத்த வருச எலெக்சனுக்கு ரெண்டு வழியிலயும் கெடைக்காது, போலீஸ் விசாரணை, மாநிலம், டெல்லின்னு போய்ட்டு வரணும்.

கருப்பட்டிக் காபி · 12 நவம்பர், இரவு 11.20

அம்மா, தலை வணங்குறேன். கல்யாணம்னு கேட்டதும் நேரா (சி)க்குள்ள போய்ட்டேன், பழைய சீட்டுப் புத்தி. நீங்க சொல்றதுதான் சரியான வழி.

ஒரே ஒரு எச்சரிக்கை, இது எந்த வழிக்கும் பொருந்தும். மலேசியாவும் இரட்டைக் குடியுரிமை தராது, நாமளும் தரமாட்டோம். ஆனா விண்ணப்பம் போட்ட உடனேயே அங்க போய் ஃபாரம் கே போட்டுத் துறந்துறாதீங்க. இங்க இருந்து ஏத்துக்கறோம்னு கடிதம் கையில வரணும், அப்பறம்தான் துறக்கணும், அப்பறம் உறுதிமொழி, அப்பறம் சர்ட்டிஃபிகேட். வரிசை மாறினா ரெண்டு நாட்டுலயும் இல்லாம நடு ஆத்துல நிப்பாங்க.

செல்லூர் பங்காளி · 13 நவம்பர், காலை 8.10

ஒரு சந்தேகம்தான், திட்டாதீங்க. ஓசிஐ இருந்தா விசா வேணாம், வேலை பாக்கலாம், பேங்க்ல கணக்கு வைக்கலாம். ஓட்டும் வயக்காடு வாங்கறதும்தான் முடியாது. அதுக்காக பொறந்த ஊர் பாஸ்போர்ட்ட விடணுமா?

ஈப்போ பொண்ணு · 13 நவம்பர், மதியம் 1.35

வணக்கம். நான்தான் அந்த 38 நாள்.

எல்லாருக்கும் நன்றி லா. அவர் போன்ல இருந்து படிச்சுப் படிச்சு முடியாம நானே அக்கவுண்ட் தொறந்துட்டேன். செல்லூர் அண்ணா கேட்டத இந்த வீட்ல இன்னும் யாரும் என்கிட்ட கேக்கல, அதனால சொல்றேன். ஐசிய (மலேசியா அடையாள அட்டைய) திருப்பிக் குடுக்கணும்னு நெனச்சா வயிறு கலங்குது. 12 வயசுல அப்பா மோட்டர்ல பின்னாடி உக்காந்து போய் எடுத்தது. ஆனா அந்த அக்கா பேரே இல்லையேம்மான்னு சொன்னப்ப அத விட அதிகமாக் கலங்குச்சு. எட்டு வருசமா ரேஷன் கடையில வரிசை நிக்கறேன், கார்டுல என் பேரு இல்ல. வைகையில தண்ணி வந்தா எந்தப் பாலத்துல போகக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். அதனால போடணும்னுதான் இருக்கேன்.

ஆனா ஒரு விசயம் அவர் உங்ககிட்ட மறைச்சுட்டார். ஜனவரி 22 எங்க அண்ணன் மகளுக்கு ஈப்போவுல கல்யாணம். நான்தான் அத்தை, நான் இல்லாம எப்படி. ஆறு நாள் போய்ட்டு 28 வந்துருவேன். தல்லாகுளம் அக்கா, இது ஆகஸ்ட்ட கெடுக்குமா?

தல்லாகுளம் அக்கா · 13 நவம்பர், மதியம் 2.20

கெடுக்கும்மா. ஆகஸ்ட்ல போட்டா முந்தின 12 மாசத்துக்குள்ள அந்த ஆறு நாள் விழும். 30 நாள் தளர்வு (ஜி)க்கும் உண்டுதான், ஆனா அது கேட்டா தர்றது இல்ல, சிறப்புச் சூழ்நிலைன்னு அவங்க ஒத்துக்கணும். அண்ணன் மக கல்யாணம் நமக்குத்தான் சிறப்பு. மனச கல்லாக்கிட்டு போகாம இருந்தா ஆகஸ்ட். போனா 2027 ஜனவரி 28க்கு அப்பறம்.

கருப்பட்டிக் காபி · 13 நவம்பர், மதியம் 2.45

கூட அஞ்சு மாசம்தான். ஓசிஐ எங்கயும் போகாது.

ஈப்போ பொண்ணு · 13 நவம்பர், இரவு 9.05

டிக்கெட் போட்டாச்சு. திருச்சி டு கேஎல், 22 விடியக்காலம் போய்ச் சேர்ற மாதிரி. வந்து எறங்கற அன்னைக்கு சீல் அழிஞ்சிருந்தா அந்த ஆபீசர்கிட்டயே நின்னு இன்னொரு தடவை குத்தச் சொல்லுவேன், அத போட்டோ எடுத்து இங்க போடறேன். ஆனையூர் தம்பி, உங்க மகன் ஸ்கூல் ஃபாரம் எதுனாலும் தல்லாகுளம் அக்கா சென்டருக்கு வாங்க, நானும் சனிக்கிழமை அங்க இருக்கேன், அக்கா வேலைக்குக் கூப்புட்டாங்க.